கடைசி இலக்கம் சரி

1982ஆம் ஆண்டு தை மாதத்தில் கொழும்புக் கம்பெனியிலிருந்து பதுளை ஜுனைதீன் ஸ்டோர்ஸுக்கு ஒரு கடிதமும் ஒரு புத்தகமும் வந்தன. கம்பெனி கொம்பியூட்டர் வாங்கியிருக்கிறதாம். இனிமேல் சாமான்களின் பெயரை எழுதி ஓடர் அனுப்பக் கூடாதாம். புத்தகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் எட்டு இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணையும் எத்தனை பெட்டி வேண்டும் என்பதையும் மட்டும் படிவத்தில் எழுத வேண்டும். பெயர் எழுதியிருந்தால் அதை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துக் கடைகளுக்கு அந்தக் கம்பெனியின் சவர்க்காரமும் பிஸ்கட்டும் பால்மாவும் ஜுனைதீன் மூலமாகத்தான் போயின. ஓடர் எழுதுவது அவருடைய தங்கை ஸைனபின் வேலை. முப்பத்தொரு வயது. கடையின் பின்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை அவளுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஜுனைதீன் இன்றும் வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். சொல்லிவிட்டு, எழுதுகிற எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிடுவார்.

புத்தகம் பிரதி எடுக்கும் ரோனியோ மெஷினில் அடித்தது. மை ஊறி, மூன்று எது எட்டு எது என்று தெரியவில்லை. ஒன்றும் ஏழும் ஒரே சாயல். ஸைனப் முதல் படிவத்தை அனுப்பிப் பத்து நாட்களில் அது திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு முத்திரை: செல்லாத எண். நாற்பது வரி எழுதிய படிவத்தில் எந்த வரி பிழை என்று அதில் இல்லை. ஓர் எண் பிழையானாலும் முழுப் படிவமும் திரும்பி வரும் என்று ட்ரங்க் கோல் எடுத்துக் கேட்டபோதுதான் சொன்னார்கள்.

"எந்த எண் பிழைன்னாவது சொல்லுங்களேன்."

"அதை மிஸ், கொம்பியூட்டர் சொல்றதில்லை. செல்லாதுன்னு மட்டும்தான் சொல்லும்."

இரண்டாவது படிவமும் திரும்பியது. மூன்றாவதும். கடையில் சவர்க்காரம் தீர்ந்தது. லுணுகலைக் கடைக்காரர்கள் வந்து வெறும் அலுமாரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜுனைதீன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பின்னறை வாசலுக்கு வந்து நின்றார்.

"அவங்களுக்குக் கொம்பியூட்டர் இருக்கு. எங்களுக்கு என்னா இருக்கு? நீதான் இருக்கிறாய்" என்றார் ஒரு நாள்.

"நானா, நீங்க முன்னால போய் இருங்க. நான் யோசிக்கோணும்" என்றாள். அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் மங்கலில்லாத எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தாள். ஒரே சவர்க்காரத்தின் நான்கு அளவுகள்: 40311012, 40311029, 40311036, 40311043. ஏழாவது இலக்கம் ஒன்று கூடும்போது எட்டாவது இலக்கம் மூன்று குறைகிறது. ஒன்பது, ஆறு, மூன்று. முதலில் இருந்த இரண்டைப் பன்னிரண்டாக நினைத்துக்கொண்டால் அதுவும் பொருந்துகிறது. இன்னொரு வரிசையில் ஆறாவது இலக்கம் கூடும்போது கடைசி இலக்கம் ஒன்றுதான் குறைந்தது. மூன்று நாட்கள் அதையே போட்டுப் போட்டுப் பார்த்தாள். முதல், மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது இலக்கங்களை மூன்றால் பெருக்கு. மற்ற மூன்றையும் அப்படியே கூட்டு. வந்த தொகையை அடுத்த பத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். புத்தகத்திலிருந்த தெளிவான எண்கள் எல்லாவற்றுக்கும் அது சரியாக வந்தது.

அதற்குப் பிறகு மூன்றா எட்டா என்ற சந்தேகம் அவளுக்கு இருக்கவில்லை. இரண்டையும் போட்டுக் கூட்டிப் பார்ப்பாள், ஒன்றுதான் பொருந்தும். அடுத்த படிவம் திரும்பவில்லை. அதற்கடுத்ததும் திரும்பவில்லை. வெலிமடையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கம்பெனியின் மற்ற முகவர்கள் படிவங்களைக் கொண்டுவந்து அவளிடம் காட்டிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஸைனப் பென்சிலால் ஒரு டிக் போட்டால் போதும் என்றானது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. எட்டு இலக்கமும் கூட்டிச் சரியென்றால் சரி. உலகத்தில் இப்படிச் சரி என்று சொல்லக்கூடியவை எத்தனை இருக்கின்றன?

ஆனி மாதம் புதிய புத்தகம் வந்தது. இம்முறை அச்சடித்தது. பழையதை உடனே திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். புதிய சாமான்களும் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று குழந்தைகளுக்கான ஒரு பால்மா.

லுணுகலைக்கு மேலே இருந்த தோட்டமொன்றில் கூட்டுறவுச் சங்கக்கடையைப் பார்த்துக்கொண்டவர் ரெங்கசாமி. ஐம்பது வயதிருக்கும். அளந்து பேசுகிறவர். தோட்டத்துப் பெண்கள் காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கென்று இந்தப் புதிய பால்மாவைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்கியது; வேறு பால்மாவுக்குப் பணம் தராது. அதைச் சங்கக்கடை மூலமாக எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு ரெங்கசாமியுடையது. அவர் ஜுனைதீன் ஸ்டோர்ஸுக்கு வந்து சொன்னார். ஸைனப் புத்தகத்தைப் புரட்டி எண்ணைப் பார்த்தாள். 40261355. கூட்டினாள். நாற்பத்தைந்து. ஐம்பதுக்கு ஐந்து வேண்டும். கடைசி இலக்கம் ஐந்து. டிக் போட்டு அனுப்பினாள்.

ஆடி மாதம் லொறி வந்தது. ரெங்கசாமி அதே நாள் காலை பஸ்ஸில் இறங்கி, கடை வாசலில் காத்திருந்தார். பன்னிரண்டு பெட்டிகளை இறக்கினார்கள். ஜுனைதீன் ஒன்றைப் பிரித்தார். உள்ளே இருந்தவை தரைக்குப் பூசும் சிவப்புப் பொலிஷ் டின்கள்.

ரெங்கசாமி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பாலு இல்லைங்களே, முதலாளி."

"பால் இல்லைதான்" என்றார் ஜுனைதீன். பிறகு உள்ளே திரும்பி, "ஸைனப்" என்று கூப்பிட்டார்.

அவள் வந்து பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் எண் குத்தியிருந்தது: 40261355. தன் படிவத்தின் கார்பன் பிரதியை எடுத்து வந்தாள்: 40261355. ஓர் இலக்கம் கூட மாறவில்லை. அவள் அங்கேயே நின்று மனக்கணக்காகக் கூட்டினாள். சரி.

கடையில் மிச்சமிருந்த வேறு பால்மா எட்டுப் பாக்கெட்டை ரெங்கசாமியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, ட்ரங்க் கோலுக்குப் பதிந்தாள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து லைன் கிடைத்தது.

"பொலிஷ் வந்திருக்கு. நாங்க கேட்டது பால்மா."

"நீங்க எழுதின நம்பர் என்னா மிஸ்?"

"நாப்பது, இருபத்தாறு, பதிமூணு, அம்பத்தஞ்சு."

"வந்த பெட்டியில?"

"அதே நம்பர்தான்."

"அப்ப சரிதானே."

"சரியில்லை. பொலிஷ் வந்திருக்கு."

"பால்மாவுக்குப் புத்தகத்துல என்னா நம்பர் போட்டிருக்கு?"

"நாப்பது, இருபத்தாறு, பதிமூணு, அம்பத்தஞ்சு."

"அதைத்தானே மிஸ் நானும் சொல்றேன். புத்தகத்துல உள்ள நம்பரை எழுதியிருக்கீங்க, நம்பருக்குரிய பெட்டி வந்திருக்கு. ஒரு பிழையும் இல்லை."

மூன்று நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது.

பொலிஷைத் திருப்பி அனுப்பப் படிவம் எழுதினாள். அதற்கும் எண்தான். அது உடனே ஏற்கப்பட்டது. பால்மாவுக்கு மறுபடி எழுதினாள். எண்ணுக்குப் பக்கத்தில், "இது பால்மா, பொலிஷ் அல்ல" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். கிழமைக்கு ஒன்றாகத் தனியே மூன்று கடிதமும் எழுதினாள். மூன்று கிழமைக்குப் பிறகு லொறி வந்தது. மறுபடியும் பன்னிரண்டு பெட்டிப் பொலிஷ்.

இம்முறை ரெங்கசாமி அதைத் தொட்டும் பார்க்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தங்கச்சி, ஒரு விசயம் சொல்லணும். தோட்டத்துல பேசிக்கிறாங்க. நான் பால்மாவை லுணுகலைக் கடையில வித்துப்புட்டேனாம்."

"யார் சொல்றது?"

"எல்லாரும்தான். நல்லம்மான்னு ஒருத்தி, அவளுக்கு ரெட்டப் புள்ளைங்க. காலையில பேரு பதியிற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால நின்னு கேட்டா. பாலு எங்கன்னு. பொலிசு டின்னுதான் வந்துச்சுன்னேன். சிரிச்சாங்க. பொலிசு டின் ஒண்ணக் கொண்டுபோய்க் காட்டினேன். பாலை வித்த காசுல வாங்கினியான்னு கேட்டா."

ஸைனப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"இப்ப புள்ளைங்களுக்கு என்னா குடுக்கிறாங்க?"

"சாயத்தண்ணிதாங்க. தேயில வடிச்சு, சீனி போட்டு. இராக்கம்மாதான் காம்பராவைப் பாத்துக்கிறா. அவளும் எம்முகத்தப் பாத்துப் பேசுறதில்ல." அவர் எழுந்தார். "வர்ற மாசம் சங்கக் கூட்டம். என்னை எடுத்துடுவாங்க. எடுத்தா எடுக்கட்டும். திருடன்னு பேரு வாங்கிட்டுப் போறதுதான் ஏலலை."

அவர் போன பிறகு ஸைனப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். அதுவரை அவள் வேண்டிய எண்ணை மட்டுமே தேடி எடுத்தவள், வாசித்ததில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் தரைப் பொலிஷ் இருந்தது. எண் 40261355. பதின்மூன்றாம் பக்கத்தில் குழந்தைப் பால்மா. எண் 40261355. இரண்டு சாமான், ஓர் எண்.

பதின்மூன்றாம் பக்கத்தின் மற்றப் பால்மாக்களைப் பார்த்தாள். 40216317, 40216324, 40216331, 40216348. எல்லாம் நாற்பது இருபத்தொன்று. கடைசி வரி மட்டும் நாற்பது இருபத்தாறு. ஏழு, நாலு, ஒன்று, எட்டு என்று மூன்று மூன்றாகக் குறைந்து வந்த கடைசி இலக்கம் அடுத்து ஐந்தாக வேண்டும். ஐந்துதான் இருந்தது. நடுவில் மட்டும் ஒன்றும் ஆறும் இடம் மாறியிருந்தன. 40216355 என்று எழுதிக் கூட்டினாள். ஐம்பத்தைந்து. அறுபதுக்கு ஐந்து. கடைசி இலக்கம் ஐந்து.

அதுவும் சரி. இதுவும் சரி.

பென்சிலை வைத்துவிட்டாள். நான்கு மாதமாக வெலிமடைக்காரர்களுக்கும் பண்டாரவளைக்காரர்களுக்கும் அவள் போட்டுக் கொடுத்த டிக்குகள் நினைவுக்கு வந்தன.

சரியான எண்ணை எழுதிப் புதிய படிவம் அனுப்பினாள். அது ஒரு கிழமையில் திரும்பி வந்தது. இம்முறை முத்திரை வேறு: புத்தகத்தில் இல்லாத எண். கொம்பியூட்டருக்குப் போவதற்கு முன்பு ஓர் எழுதுவினைஞர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். அவருடைய புத்தகத்திலும் அதே பிழை.

அன்று ஸைனப் பின்னறையிலிருந்து எழுந்து கடை முகப்புக்கே வந்தாள். வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

"நானா, நான் கொழும்புக்குப் போறேன்."

"இன்னொரு கோல் எடுத்துப் பார்ப்போமே."

"கோல் எடுத்துச் சரிவராது. அவங்களுக்குக் காதால கேட்டா விளங்காது. புத்தகத்தைக் கண்ணுக்கு முன்னால விரிச்சு வைக்கோணும்."

ஜுனைதீன் அவளைத் தனியே அனுப்ப விரும்பவில்லை. அவருடைய மனைவி லரீபாவின் தாய்வீடு மருதானையில் இருந்தது. இருவரும் காலை ரயிலில் புறப்பட்டார்கள். ஸைனபின் பையில் புத்தகம், கார்பன் பிரதிகள், திரும்பி வந்த படிவங்கள், ஒரு பொலிஷ் டின். தெமோதரையைத் தாண்டும்போது லரீபா சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தாள்.

"சாப்பிடு மதினி. அந்தத் தாளை மடிச்சு வை. வாய்க்குள்ளேயே கூட்டிட்டு இருக்கிறாய், முன்சீட்டு ஆள் உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கம்பெனி வாசலில் இருந்தார்கள். ஓடர் பகுதியில் அரை மணித்தியாலம். அங்கிருந்து முறைப்பாட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் நல்லவள். ஸைனப் அனுப்பிய மூன்று கடிதங்களையும் தேடி எடுத்தாள். பால்மா ஃபைலில் இல்லை. பொலிஷ் ஃபைலில் இருந்தன. கடிதங்களையும் எண்ணைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்களாம். மூன்றின் ஓரத்திலும் யாரோ எழுதியிருந்தார்கள்: பொலிஷின் தரம் பற்றி முறைப்பாடு எதுவும் இல்லை, நடவடிக்கை தேவையில்லை.

ஸைனப் அதை இரண்டு தடவை வாசித்தாள். லரீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொம்பியூட்டரைப் பார்க்கிற ஆள் யாரு? அவரைக் காட்டுங்க."

"அங்க வெளியாட்களை விடுறதில்லை மிஸ்."

"அப்ப அவரை இங்க வரச் சொல்லுங்க. நான் நாளைக்கும் வருவேன். நாளை மறுநாளும் வருவேன்."

அந்தப் பெண் ஸைனபின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

வந்தவன் பெயர் ஷுக்ரி. இருபத்தாறு வயதுக்கு மேல் இராது. மெல்லிய உடம்பு, கட்டைக் கைச்சட்டை, பையில் மூன்று பேனை. மெஷினுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறவன் அவன்தான். அவன் புத்தகத்தை வாங்கிப் பதின்மூன்றாம் பக்கத்தையும் முப்பத்தோராம் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்படி வர ஏலாது மிஸ். டைப் பண்ணும்போது ரெண்டு நம்பர் இடம் மாறினா கடைசி நம்பர் பொருந்தாது. அதுக்காகத்தான் அதை வைச்சிருக்கு. வெளிநாட்டுச் சாமான்ல கறுப்புக் கோடு கோடாப் போட்டு வருதே, பார்த்திருப்பீங்க. அதுக்குக் கீழ இருக்கிற நம்பருக்கும் இதே கணக்குத்தான். எத்தனையோ நாட்டுல பாவிக்கிறாங்க."

"எத்தனை நாட்டுல பாவிச்சாலும் பரவாயில்லை. நீங்க கூட்டிப் பாருங்க."

"உங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியுமா?" அவன் நிமிர்ந்தான். "அதை நாங்க வெளியில குடுக்கலையே."

"நீங்க குடுத்திருந்தா எனக்கு மூணு நாள் மிச்சம். கூட்டுங்க தம்பி."

அவன் ஒரு பேனையை எடுத்து முதல் எண்ணைக் கூட்டினான். நாற்பத்தைந்து, கடைசி இலக்கம் ஐந்து. இரண்டாவது எண்ணைக் கூட்டினான். ஐம்பத்தைந்து, ஐந்து. மறுபடி முதலிலிருந்து கூட்டினான். பிறகு பேனையை வைத்துவிட்டு நாடியைத் தடவினான்.

"ஒண்ணும் ஆறும்" என்றான், தனக்குத்தானே. "இடம் மாறும்போது தொகை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப்போல ரெண்டு மடங்கு கூடும், இல்லாட்டிக் குறையும். வித்தியாசம் அஞ்சு. ரெண்டு மடங்கு பத்து. பத்துன்னா கடைசி நம்பருக்குத் தெரியாது." தாளில் வேகமாக எழுதினான்: 0-5, 1-6, 2-7, 3-8, 4-9. "இந்த அஞ்சு சோடியையும் அது பிடிக்காது. எங்களுக்குப் படிப்பிக்கும்போது எல்லாத்தையும் பிடிக்கும்னுதான் சொன்னாங்க."

"எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கலை. நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு எழுந்து, விதியை மீறி, இருவரையும் உள்ளே கூட்டிப்போனான். செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே நுவரெலியாக் குளிர். லரீபா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஷுக்ரி ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து 40216355 என்று அடித்தான். பச்சை எழுத்தில் ஆங்கிலத்தில் பால்மாவின் பெயர் வந்தது. 40261355 என்று அடித்தான். தரைப் பொலிஷ், சிவப்பு.

ஸைனப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெயர் உள்ளுக்கே இருக்கா?"

"இருக்கு."

"ஆரம்பத்திலேருந்தே?"

"ஆமா."

"அப்ப, நான் ஒவ்வொரு தடவையும் பால்மா, பால்மான்னு எழுதி அனுப்பியிருக்கிறேன். இது ஒவ்வொரு தடவையும் பொலிஷ்னு சொல்லியிருக்கு. ரெண்டையும் சேர்த்து வைச்சு ஒருத்தரும் பார்க்கலையா?"

"நம்பர் சரின்னா பெயரைப் பார்க்கத் தேவையில்லைன்னுதான்..." அவன் முடிக்கவில்லை. "அப்படி எழுதினது நான்தான்."

அவள் அவனைத் திட்டுவதற்கென்று ரயிலில் ஒன்பது மணித்தியாலம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் இருந்தன. அவன் முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. அவளும் நான்கு மாதம் அதையேதான் செய்திருந்தாள். அவனிடம் மெஷின் இருந்தது, அவளிடம் பென்சில். அவ்வளவுதான் வித்தியாசம்.

"தோட்டத்துல முப்பத்தெட்டுப் புள்ளைங்க ரெண்டு மாசமாச் சாயத்தண்ணி குடிக்குது" என்றாள். "அதுக்குப் பொறுப்பா இருக்கிற ஆளைத் திருடன்னு சொல்றாங்க. அவர் பெயர் ரெங்கசாமி. அதையும் இந்த மெஷின்ல அடிச்சு வைங்க."

ஷுக்ரி பன்னிரண்டு பெட்டிப் பால்மாவுக்கு அங்கேயே ஓடர் அடித்தான். பிறகு மனேஜரிடம் கூட்டிப்போனான். மனேஜர் மரியாதையான மனிதர், தேநீர் கொடுத்தார். புத்தகம் அறுநூறு பிரதி அச்சடித்தாகிவிட்டது, திரும்ப அடிக்க முடியாது என்றார். திருத்தச் சீட்டு ஒன்று அனுப்புவதாகச் சொன்னார். தவறு கம்பெனியுடையது என்று ஒரு கடிதம் வேண்டும் என்று ஸைனப் கேட்டாள்.

"அப்படியெல்லாம் எழுத்தில தர ஏலாதும்மா. உங்களுக்குப் பால்மா வருது. அதுதானே வேணும்?"

"எனக்குப் போதும். அந்த மனுசனுக்குப் போதாது."

"அந்த ஆள் எங்கட முகவர் இல்லையே."

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பலனில்லை. வெளியே வந்தபோது ஸைனபின் கண்கள் கலங்கின. அழுகை அல்ல, எரிச்சல். ஒரு முழு நாள் ரயிலில் வந்து, கணக்கை நிரூபித்து, கடைசியில் ஒரு மனிதனின் பெயருக்கு ஒரு தாள் வாங்க முடியவில்லை.

படியிறங்கும்போது ஷுக்ரி பின்னால் ஓடிவந்தான். கையில் கம்பெனித் தாள் ஒன்று. தமிழில் கையால் எழுதியிருந்தான். பால்மாவுக்கு இன்ன எண்ணுக்குப் பதிலாக இன்ன எண் எங்கள் புத்தகத்தில் அச்சாகிவிட்டது. ஆடி மாதமும் ஆவணி மாதமும் பால்மாவுக்குப் பதிலாகப் பொலிஷ் அனுப்பியது நாங்கள். சங்கக்கடை ரெங்கசாமிக்கோ ஜுனைதீன் ஸ்டோர்ஸுக்கோ இதில் எந்தத் தவறும் இல்லை. கீழே அவனுடைய பெயர், பதவி, கொம்பியூட்டர் பகுதியின் முத்திரை.

"மனேஜருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் லரீபா.

"தெரிய வந்தா ஏசுவார்" என்றவன் ஸைனபிடம் திரும்பினான். "கொண்டுபோங்க தாத்தா."

அவன் வாயில் மிஸ் போய், அக்காவைக் கூப்பிடும் தாத்தாவாகிவிட்டதை ஸைனப் ரயிலில் ஏறிய பிறகுதான் யோசித்தாள்.

அடுத்த கிழமை லொறி வந்தது. லொறிக்காரர் கையில் திருத்தச் சீட்டும் இருந்தது. "வெளியூர் முகவர்கள் சிலர் எண்களை மாற்றி எழுதுவதால் ஏற்பட்டுள்ள குழப்பத்தைத் தவிர்க்க" என்று அது தொடங்கியது. இனிமேல் படிவத்தில் எண்ணையும் எழுத வேண்டும், பெயரையும் எழுத வேண்டும். ஜுனைதீன் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"நாங்களாம்" என்றார். "நாங்க மாத்தி எழுதினோமாம்."

"அதை வைங்க நானா. முதல்ல பெட்டியைப் பிரிங்க."

ரெங்கசாமி லேபலை நம்பவில்லை. பெட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்து, கரண்டிக் காம்பால் மூடியைக் கிளப்பி, உள்ளே விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு பெட்டியிலும் அப்படியே செய்தார். பன்னிரண்டு பெட்டியிலும் ஒவ்வொரு டின் திறக்கப்போகிறாரோ என்று ஜுனைதீன் பயந்தார்.

"பாலுதாங்க" என்றார் ரெங்கசாமி.

ஸைனப் கடிதத்தை அவரிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். மடித்தார். மறுபடி பிரித்து வாசித்தார்.

"தங்கச்சி, இதை நான் வாசிச்சா நானே எழுதினேன்னு சொல்லுவாங்க. நீங்க ஒரு தடவை வந்து வாசிக்க ஏலுமா?"

மறுநாள் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஜுனைதீனும் ஸைனபும் போனார்கள். ரெங்கசாமி முன்னால் உட்கார்ந்து வழி சொன்னார். பசறைக்குப் பிறகு பாதை வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் அவர் பின்னால் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டார். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பிள்ளைகளைப் பார்க்கப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்திருந்தார்கள். கூடைகள் சுவரோரம் இருந்தன.

ஸைனப் இதற்கு முன் இவ்வளவு பேருக்கு முன்னால் பேசியதில்லை. கடிதத்தை மெதுவாக வாசித்தாள். எண்களை வாசித்தபோது அவர்களுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை என்று கண்டாள். தாளைக் கீழே இறக்கிவிட்டுத் தன் வாயால் சொன்னாள்.

"பாலுக்கு ஒரு நம்பர். பொலிசுக்கு ஒரு நம்பர். புத்தகத்துல பாலுக்கு நேரா பொலிசுட நம்பரை அடிச்சிட்டாங்க. அதைப் பார்த்து எழுதினது நான். சரின்னு அடையாளம் போட்டதும் நான்தான். ரெங்கசாமியண்ணே என்னட்ட கேட்டது பாலுதான். ஒவ்வொரு தடவையும் பாலுதான் கேட்டார்."

பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். நல்லம்மா அவள்தான் என்று ஸைனபுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அந்த மிசினுக்குப் பாலு எது பொலிசு எதுன்னு தெரியாதாக்கும்?"

"தெரியுமாம்" என்றார் ரெங்கசாமி. "யாரும் அதுகிட்ட கேக்கலையாம்."

நல்லம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கைப்பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, வேனுக்குப் போய், ரெங்கசாமி தோளில் தூக்கி வைத்திருந்த பெட்டியைத் தான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். மற்றப் பெண்களும் கூடையை விட்டுவிட்டு வந்து ஆளுக்கொரு பெட்டி எடுத்தார்கள். ரெங்கசாமிக்குத் தூக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வேனின் பின்கதவைப் பிடித்தபடி நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார்; வெயில் அவ்வளவாக இல்லை.

இராக்கம்மா பெரிய சட்டியில் வெந்நீர் ஊற்றிப் பாலைக் கரைத்தாள். கட்டி தட்டாமல் இருக்க வெகு நேரம் கலக்கினாள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் குவளைகளில் ஊற்றினாள். முதலில் குடித்த பொடியன், மூன்று வயதிருக்கும், ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

"சாயத்தண்ணி குடு" என்றான்.

"உனக்குச் சாயத்தண்ணியா? இந்தப் பாலுக்கு எத்தனை பேரு அலைஞ்சிருக்காங்க தெரியுமாடா, குடிடா" என்று இராக்கம்மா அவன் வாயருகே குவளையை மறுபடி கொண்டுபோனாள். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அவனைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளும் மூடிக்கொண்டாள்.

ஸைனபுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஜுனைதீன் வேனுக்குள்ளிருந்து ஹோர்ன் அடித்தார். இராக்கம்மா அரைக் கரண்டி சீனியை எடுத்துக் குவளையில் போட்டுக் கலக்கத் தொடங்கினாள்.